கடிதத்தில் இல்லாத ஒரு சுற்று

தஞ்சாவூரில் மாலை நாலு மணி இருபது நிமிடம். மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த்தில் அப்போது ஆறு இருபது. நான் சந்தைப் பக்கத்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சனாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில், தஞ்சாவூருக்கு மேற்கே ஒரு பாலிடெக்னிக்கின் தகரக் கொட்டகையில், என் மகன் செல்வம் ஒரு பழைய போர்விமான எஞ்சினின் பொத்தானை அழுத்தினான்.

எஞ்சினைக் கிளப்புகிற தோட்டா வெடித்து, கரும்புகை கிளம்பி, பதினெட்டு சிலிண்டர்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. எஞ்சின் பதினோரு நிமிடம் ஓடியது. பார்க்க வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு அடிப்பக்கத்துச் சிலிண்டர் ஒன்று உடைந்து, அதன் துண்டு அங்கே நின்ற மாணிக்கம் என்பவரின் இடது காலில் பாய்ந்தது. கோளாறு பதினோராவது நிமிடத்தில் வந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இல்லை. நாலு இருபதுக்கே வந்துவிட்டது. அது எனக்குத் தெரியக் கடலில் நான்கு நாள் ஆயிற்று. பிறர் முன்னே வாய் திறந்து சொல்ல மேலும் ஒரு வாரம் ஆயிற்று.

மறுநாள் தந்தி வந்தது. எஞ்சின் உடைந்தது, எனக்கு ஒன்றுமில்லை, மாணிக்கம் அண்ணனுக்குக் கால் முறிவு, விசாரணை வைக்கிறார்கள், வரவும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பதை என் மனைவி மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் ‘விசாரணை’ என்பதை மூன்று முறை படித்தேன்.

செல்வம் எங்களுக்கு ஒரே பிள்ளை. என் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டத்துக்குப் போனவர். பேரன் அவர் விட்டுவந்த நாட்டுக்கே திரும்பிப் போய்ப் படித்து, படித்த இடத்திலேயே பட்டறை ஆசிரியராகவும் ஆனது எங்கள் வீட்டில் பெருமையாகப் பேசப்பட்ட விஷயம். அவன் வேலை பார்த்த கொட்டகையில் ஒரு மூலையில், தார்ப்பாய் போர்த்தி, விமானப்படை எப்போதோ பாடத்துக்கென்று கொடுத்த அந்த எஞ்சின் கிடந்தது. கண்காட்சிக்கு அதை ஓட வைக்க வேண்டுமென்று அவனுக்கு ஆசை. எனக்கு எழுதினான்.

எழுதாமல் இருப்பானா? பெரிய போர் முடிந்த பிறகு, காட்டுக்குள் கலகம் நடந்த அந்த வருஷங்களில், பட்டர்வொர்த் விமானத் தளத்தில் அதே எஞ்சினைத்தான் நான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஊரிலேயே ஒரு தொழிற்பள்ளியில் எஞ்சின் பாடம் எடுக்கிறேன். அதன் அதிசயம், வால்வே கிடையாது என்பது. மற்ற எஞ்சின்களில் வால்வுகள் எம்பிக் குதிக்கும். இதில் ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றி மெல்லிய எஃகு உறை ஒன்று இருக்கும். உறையில் துளைகள், சிலிண்டர் சுவரிலும் துளைகள். மத்தால் மோர் கடைந்துகொண்டே அந்த மத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினால் எப்படி இருக்கும்? அப்படி அந்த உறை ஏறி இறங்கிக்கொண்டே இடமும் வலமும் திரும்பும். துளையும் துளையும் சந்திக்கிற இமைப்பொழுதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், புகை வெளியே போகும். இப்படிப் பதினெட்டு உறை, இரண்டு வட்டமாக, முன்னே ஒன்பது பின்னே ஒன்பது. அவற்றை ஆட்டிவைக்கிற பல்சக்கரங்களை மேஜையில் பரப்பினால், கடிகாரக் கடை ஒன்று கவிழ்ந்தது போலிருக்கும். ஆனால் ஓடும்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளின் பலம்.

இதையெல்லாம் படம் போட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். எண்ணெய் எவ்வளவு, அதை எவ்வளவு சூடாக்க வேண்டும், பெட்ரோலை எத்தனை முறை பம்ப் செய்ய வேண்டும், தோட்டாவை எப்படிப் போட வேண்டும் என்று வரிசை எண் போட்டு எழுதினேன். கடைசியில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஒன்று சேர்த்தேன்: ‘இதில் உள்ளதை மட்டும் செய். ஒன்றைக் கூட்டாதே, ஒன்றைக் குறைக்காதே. வேறு யார் பேச்சையும் கேட்டு எதையும் செய்யாதே.’

பயந்த தகப்பன் எழுதுகிற வரிதான் அது.

நாகப்பட்டினம் போகும் கப்பலில் நான்காம் நாள் காலை. மூன்று நாள் குமட்டலுக்குப் பிறகு அன்றுதான் மேல்தளத்துக்கு வந்தேன். கப்பல் சமையல்காரர் ஊற்றிய கஞ்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் உருளையைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு மாலுமிகள் மோட்டாரைப் போடும் முன் அதைக் கம்பியால் நெம்பி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள்.

கஞ்சி கையிலேயே ஆறிப்போயிற்று.

பட்டர்வொர்த் தளத்தில் வீராசாமி என்று ஒருவர் இருந்தார். தோட்டத்து ஆள், வெற்றிலைக் கறை படிந்த பல். தினம் காலையில், எஞ்சின் பூட்டுகிற பிட்டர்களான நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அவரும் இன்னொருவரும் விமானம் விமானமாகப் போய் மூக்கிலுள்ள விசிறியின் அலகைப் பிடித்து, மெதுவாக, ஓடும் திசையிலேயே கையால் சுற்றுவார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி அடிச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை நசுக்கலாம், எண்ணெயை நசுக்க முடியாது. தேங்கியிருந்தால் விசிறி கையில் முட்டும். முட்டினால் நிறுத்தி, அடிப்பக்கத்து பிளக்குகளைக் கழற்றி, வடிய விடுவார்கள். அதற்குப் பிறகுதான் நாங்கள் போய் வரிசை எண் ஒன்றைத் தொடங்குவோம்.

எங்கள் வரிசையில் அது இல்லை. பிட்டருக்குக் கொடுத்த அட்டையில் பிட்டரின் வேலை மட்டும்தான் இருந்தது. இருபது வருஷம் கழித்து மகனுக்கு எழுதும்போதும் அட்டையில் இருந்ததைத்தான் எழுதினேன். வீராசாமியின் வேலை எஞ்சினோடு சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை. காலையில் தளத்தைக் கூட்டுவது போல, அது தானாக நடக்கிற ஒன்று.

எண்ணெய் தேங்கிய எஞ்சினில் தோட்டாவை வெடித்தால், பிஸ்டன் கல்லில் மோதுவது போல் மோதும். பிஸ்டனைத் தாங்கும் ராடு வளையும். வளைந்த ராடோடு எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். பதினோரு நிமிடம்கூட ஓடும்.

நாகப்பட்டினத்தில் இறங்கிய அன்று கடல் அமைதியாக இல்லை. கப்பல் தூரத்தில் நிற்க, படகில் எங்களை மூட்டை போல் இறக்கினார்கள். சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, மனைவி கட்டிக் கொடுத்த தைலப் புட்டிகளை எண்ணினார்.

“இவ்வளவு தைலம் எதுக்குங்க?”

“மகனுக்கு.”

“மகனுக்குத் தலைவலி ஜாஸ்தியோ?” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டியை மூடினார். “போங்க. திருவாரூர் பஸ்ஸு இருந்தா ஏறிடுங்க. மத்தியானத்துக்கு மேல ரோட்ட மறிச்சாலும் மறிச்சிருவாங்க.”

முன்பு நான் வந்தபோது சென்னை ராஜ்யம் என்றிருந்த பலகைகளில் இப்போது தமிழ்நாடு என்றிருந்தது. சுவர்களில் உதயசூரியன். வயல் வரப்புகளில் சிவப்புக்கொடி. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்க, அறுக்க ஆளில்லை. சம்பா அறுவடைக் கூலிக்காகக் கிழக்கே பாதி ஊர்களில் வேலைநிறுத்தம் என்றார்கள். பினாங்கு வயல்களைப் பார்த்த கண்ணுக்கு இந்தச் சமவெளி முடிவே இல்லாததாகத் தெரிந்தது. இவ்வளவு நெல், இவ்வளவு மௌனம்.

பஸ் கீவளூர் தாண்டி ஒரு மதகடியில் நின்றது. முன்னால் ஐம்பது பேர் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம். என் பக்கத்தில் குத்தகை விவசாயி ஒருவர், துண்டால் விசிறியபடி பேசினார். “ஒரு மரக்கா கூடக் கேட்டா குடுத்துட்டுப் போவலாங்க. மிராசுதாரு சங்கம் குடுக்காதங்குது. குடுத்தா அவங்க வெட்டுவாங்க, குடுக்காட்டி இவங்க மறிப்பாங்க. நடுவுல எங் கதிரு கொட்டுது.”

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல். “கொட்டுனா பொறுக்கிக்கிங்க. நாங்க பொறுக்கித்தான தின்னோம் இத்தன நாளு.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சாலை திறந்ததும் பஸ் கிளம்ப மறுத்தது. பழக்க தோஷத்தில் டிரைவரிடம் போய், மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் சரியாக இறங்கவில்லை, சத்தத்திலேயே தெரிகிறது என்றேன்.

“சார், இது ஓடுறதே பெரிசு. இதுல நீங்க ஜாதகம் வேற பாக்குறீங்க” என்றார். நாங்கள் இறங்கித் தள்ளினோம்.

இரவு திருவாரூரில் தங்கினேன். இட்லி பஞ்சு போல் இருந்தது. காபிக்கு ஈடாக எங்கள் பக்கத்தில் ஒன்றும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் எனக்கு இறங்கவில்லை. மகனிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, யோசனையிலேயே விடிந்தது.

மறுநாள் தஞ்சாவூர். செல்வம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். கையில் பிளாஸ்திரி. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்லப்பா. சின்னச் சூடுதான்.”

“கடிதம் எங்கே?”

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். “தொலைஞ்சு போச்சு.”

கொட்டகைக்கு அன்றே போனோம். எஞ்சின் இரும்புத் தாங்கியில், வயிற்றில் ஓட்டையோடு நின்றது. செத்த மிருகத்தைப் பார்ப்பது போல் இருந்தது. பாலிடெக்னிக் முதல்வர் அனுமதி கொடுத்ததால் நானும் செல்வமும் இரண்டு நாள் உட்கார்ந்து அடிச் சிலிண்டர்களைக் கழற்றினோம். அவனும் நானும் சேர்ந்து ஒரு எஞ்சினைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பானரைக் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்தான். வேறொரு சமயமாக இருந்திருந்தால் அது என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் சேர்ந்திருக்கும்.

ஊருக்குள் ஒரு கதை முடிவாகியிருந்தது. பெட்ரோல் பம்ப் அடித்தது பட்டறை உதவியாளர் மாணிக்கம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கூலிக் குடும்பம். அவர் தம்பி விவசாயச் சங்கத்தில் இருக்கிறார். பிரமுகர்கள் வந்த நாளில் வேண்டுமென்றே பெட்ரோலை அதிகம் அடித்து எஞ்சினைக் கெடுத்துவிட்டார். சதி வழக்குப் போட சப்-இன்ஸ்பெக்டர் தயாராக இருந்தார். வேலை போவது நிச்சயம், சிறைக்கும் போகலாம். தானே நாசம் செய்துவிட்டுத் தன் காலையே பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் அதிகம் போயிருந்தால் எண்ணெயைக் கழுவிவிடும். உலர்ந்த உறை சிலிண்டரில் உரசி, நீளமாகக் கீறல் விழும். ஒரு கீறல் இல்லை. கண்ணாடி போல் இருந்தன. உடைந்த சிலிண்டருக்குப் பக்கத்துச் சிலிண்டரின் ராடை எடுத்துத் தட்டையான பலகையில் வைத்தேன். உடையவில்லை, ஆனால் வில் போல் வளைந்திருந்தது. அடியில் கையை நுழைக்கலாம்.

“பெட்ரோல் இல்லை” என்றேன். “எண்ணெய் தேங்கியிருக்கிறது. கையால் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் அதை எழுதவில்லை, செல்வம்.”

அவன் கைத்துணியால் ராடைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“அப்பா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க” என்றான். “யார்கிட்டயும்.”

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எழுதியவன் நான், நம்பிச் செய்தவன் அவன். அவன் வேலை போகும். மனைவிக்கு நான் என்ன சொல்வேன்? சரி, ஒரு நாள் பொறுப்போம் என்று நினைத்தேன். பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாணிக்கம் இல்லை. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, உறவுக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், கட்டுப் போடுகிறவரிடம். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இங்க எலும்பு முறிஞ்சா பாதிப் பேரு அங்கதாங்க ஓடுவாங்க. மூங்கில் பத்தையும் முட்டையும் வச்சுக் கட்டிருவாரு. இவருக்கு எப்பிடியோ.”

திருக்காட்டுப்பள்ளி பஸ் காவிரிக் கரையோடு போகிறது. ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாழைத்தோப்பு, செங்கல் சூளை, படித்துறையில் வெளுத்த துணிகள். பக்கத்தில் இருந்தவர் வற்புறுத்தி அவித்த பனங்கிழங்கு கொடுத்தார். எங்கள் ஊரில் பஸ்ஸில் யாரும் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை, தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்தார். கணவர் அக்கரையில் கட்டுக்காரர் வீட்டில்தான் படுத்திருக்கிறார் என்றார். நான் யார் என்று சொன்னேன். அவர் குடத்தை நகர்த்தி அடுத்தவருக்கு வழிவிட்டுவிட்டு வந்து நின்றார்.

“செல்வம் சாரோட அப்பாவா? ஒக்காருங்கன்னு சொல்லணும். எங்க ஒக்காரச் சொல்றது?”

“பரவாயில்லம்மா. அவருக்கு எப்படி இருக்கு?”

“வலி கத்துறாரு. கத்துனா உசுரு இருக்குன்னு அர்த்தம்ங்கிறாரு கட்டுக்காரரு.” கொஞ்சம் நிறுத்தினார். “போலீசு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. வரப்புல கொடி நட்டா சதியாம். இப்ப மிஷினு ஒடஞ்சாலும் சதியாம். பெரிய பண்ணையில பதினஞ்சு வருஷம் ஆயில் எஞ்சின் ஓட்டுனவருங்க அவரு. ராத்திரி அது இருமுனாக்கூட எந்திரிச்சிப் போவாரு. நான் இருமுனா எந்திரிக்க மாட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“நீங்க மிஷினு படிச்சவங்கன்னு செல்வம் சார் சொல்லியிருக்கு. பிரிச்சுப் பாத்தீங்களாமே. சொல்லுங்க, அவரு தப்பு செஞ்சாரா?”

இல்லையம்மா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். வளைந்த ராடு கண்முன் நின்றது. செல்வத்தின் பிளாஸ்திரி போட்ட கையும் நின்றது.

“விசாரணையில தெரியும்மா” என்றேன்.

என் கையிலிருந்த பிஸ்கட் டின்னை அவரிடம் கொடுத்தேன். செல்வத்துக்கென்று மனைவி வாங்கிய டின். அவர் வாங்கிக்கொண்டார். மூடியில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டியின் படத்தைப் பார்த்தார். “சரிங்க” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸுக்கு நடக்கும்போது திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இந்தப் பயணத்தில் நான் திருத்தி எழுத விரும்புகிற இடம் அந்தக் குழாயடிதான்.

விசாரணை வெள்ளிக்கிழமை, பட்டறையின் வரைபட அறையில். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் தலைமை. முதல்வர் ஒரு பக்கம், சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். அறிக்கை தமிழில்தான் இருக்க வேண்டும் என்றார் தலைவர். ‘ஸ்லீவ்’ என்கிற அந்த உறைக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் ஓடியது. நான் வாசலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மாணிக்கத்துக்கு ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை, வராததே குற்றத்தைக் காட்டுகிறது என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கால் உடைந்தவர் எப்படி வருவார் என்று முதல்வர் முணுமுணுத்தார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பெட்ரோல் மிகையாகச் செலுத்தப்பட்டதே காரணம் என்று தலைவர் வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். குமாஸ்தாவின் பேனா ஓடியது.

செல்வம் தலைகுனிந்து நின்றான். அவனைப் பார்த்தேன். பிறகு அந்தப் பேனாவைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

“பெட்ரோல் காரணமில்லீங்க.”

“நீங்க யாரு?”

சொன்னேன். வளைந்த ராடைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். கீறலில்லாத உறையை வைத்தேன். எண்ணெய் எப்படித் தேங்கும், எப்படிக் கையில் முட்டும் என்று சொன்னேன். வகுப்பில் பாடம் எடுத்தே பழகிய குரல், அன்று தண்ணீர் வற்றிய குழாய் போல் வந்தது. “கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லி நான் மகனுக்கு எழுதவில்லை. பிழை என்னுடையது.”

தலைவர் ராடை எடுத்து, ஒரு கண்ணை மூடி, அதன் வளைவைப் பார்த்தார். பொறியாளர்தானே, புரிந்திருக்கும். ஆனால், “மகனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. அது இயற்கை” என்றார். “எழுதின கடிதம் எங்க?”

“தொலைந்து…”

“இருக்கு” என்றான் செல்வம். சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தான். ஒன்பது பக்கம், எண்ணெய்க் கறை. சிவப்பு மைதான் முதலில் என் கண்ணில் பட்டது.

தலைவர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “வேறு யார் பேச்சையும் கேட்டுன்னு எழுதியிருக்கே. யாராவது வேற ஏதாச்சும் சொன்னாங்களா, தம்பி?”

செல்வத்தின் காது சிவந்தது. சின்ன வயதில் பொய் சொல்லும்போது சிவக்கும், உண்மையைச் சொல்ல முடியாதபோதும் சிவக்கும். எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது.

வெளியே மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. நான்கு பேர் வண்டியிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலை இறக்கினார்கள். அஞ்சலை பின்னால் வந்தார். கட்டில் வாசலில் நுழையவில்லை, சாய்த்து நுழைத்தார்கள். முட்டையும் பச்சிலையும் கலந்த வாடை அறையில் பரவியது. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“லேட்டுங்க” என்றார் மாணிக்கம். “வழியில நம்ம ஆளுங்களே மறிச்சுட்டாங்க. நாந்தான்னு சொல்லியும், கட்ட அவுத்துக் காட்டுன்னானுவ.”

தலைவர் பேனாவை மூடினார். “அன்னைக்கு என்ன நடந்துச்சு? பெட்ரோல் எத்தனை தடவ அடிச்சீங்க?”

“சார் சொன்ன எட்டு தடவங்க. அதுல கொறையில்ல.”

“அதுக்கு முன்னாடி?”

மாணிக்கம் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் தலையை நிமிர்த்தினான்.

“நான் சொல்றேன் அண்ணே” என்றான். “கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துடலாம் சார்னு அண்ணன் கேட்டாரு. எங்க பண்ணை எஞ்சின்ல தண்ணி ஏறியிருந்தா அப்பிடித்தான் பாப்போம், இல்லாட்டி ராடு வளைஞ்சிடும்னாரு. விசிறியில கையக்கூட வச்சுட்டாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன். அப்பா எழுதல அண்ணே, எழுதாதத செய்ய வேணாம்னு சொன்னேன்.”

அவன் என்னிடமிருந்து மறைத்தது என் பிழையை அல்ல. என் பிழை, மாணிக்கத்தைத் தடுக்கிற வார்த்தையாக அவன் வாயில் வந்ததை.

தலைவர் குமாஸ்தாவின் தாளை வாங்கி இரண்டு வரியை அடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாணிக்கத்துக்கு வேலை உண்டு என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தார்கள். செல்வத்துக்கு இல்லை. மாணிக்கத்தின் கால் நேராகக் கூடவில்லை. அது பின்னால் கடிதத்தில் தெரிந்தது.

ஆனால் அதற்கு முன், எல்லாரும் கலைகிற நேரத்தில், நான் கட்டிலருகே போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. மாணிக்கம் பார்த்தார். கோபம் தெரியவில்லை, களைப்பு தெரிந்தது.

“நீங்கதான் அப்பாங்களா?” என்றார். “எஞ்சினு பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குறீங்களாமே. அங்க புள்ளைங்களுக்கு எழுதிக் குடுக்கையில, அந்தச் சுத்தையும் சேத்து எழுதிடுங்க.”